விழிஞமும் கோவளமும்: ஒரு கடற்கரையை அடைந்த வழிகளும் அதன் பெயர்களும்

1. முன்னுரை

ஓர் ஊரின் பெயர் அவ்வூரார் நாவில் ஒரு வடிவமும், அவ்வூரை நாடி வருவோர் ஏட்டில் வேறு வடிவமும் பெறுவது உலகெங்கும் காணப்படுவதாகும். வருவோர் எவ்வழியாக வந்தனர், எம்மொழியினர், எதன் பொருட்டு வந்தனர் என்பவற்றைப் பொறுத்து இவ்வேற்றுமை அமைகிறது. ஆகவே ஊர்ப்பெயர் வடிவங்களின் வரலாற்றை ஆராய்வோர் வழிகளின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். இதற்குத் தக்க சான்றாக அமைவது திருவனந்தபுரம் நகரிலிருந்து தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள விழிஞ்ஞம் ஆகும்.

கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பெருந்துறைமுகமாகப் பேசப்படும் இவ்வூர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் வடக்கேயுள்ள கோவளம் என்னும் சிற்றூரின் நிழலில் மறைந்தது. விடுமுறைப் பயணிகளுக்கான கையேடுகளில் கோவளமே தலைப்பாக நிற்க, விழிஞ்ஞம் அதன் அருகில் காணத்தக்க இடங்களுள் ஒன்றாக அமைந்தது. இன்று புதிய துறைமுகத்தால் விழிஞ்ஞம் மீண்டும் முதன்மை பெற்றுள்ளது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் அக்கடற்கரையை அடையும் வழி மாறியதன் விளைவே என்பதையும், ஒவ்வொரு வழியும் பெயரில் தன் சுவட்டை விட்டுச் சென்றுள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது. பழைய ஆவணங்களைச் சுட்டும்போது விழிஞம் என்ற வடிவமும், இன்றைய ஊரைச் சுட்டும்போது விழிஞ்ஞம் என்ற வடிவமும் இங்கு ஆளப்படுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் பின்னர்க் கூறப்படும்.

2. கடல்வழிக் காலம்

2.1. விழிஞ்ஞத்தின் சிறப்பு அதன் நில அமைப்பில் உள்ளது. கேரளத்தின் தென்கரை பெரும்பாலும் நேர்கோடாகச் செல்லும் மணற்கரையாகும். அதனிடையே பாறைகள் கடலுள் நீண்டு சிறு குடாவாக அமைந்த இடம் விழிஞ்ஞம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடி மாதங்களிலும் கலங்கள் ஒதுங்குவதற்கு இக்குடா இடந்தந்தது. அயலூர் மீனவர்கள் மழைக்காலத்தில் தம் படகுகளை இங்குக் கொண்டுவந்து தொழில் செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

2.2. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த செங்கடற் பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல், குமரிக்கு முன்னர்ப் ‘பலிதா’ என்ற கடற்கரைச் சிற்றூரையும் அதன் நல்ல துறையையும் குறிப்பிடுகிறது. உரோமானியர் காலப் பாதைப்படமான பியூட்டிங்கர் படத்தில் ‘பிலிங்கா’ என்ற பெயர் உள்ளது. இவ்விரண்டையும் விழிஞ்ஞத்தோடு பொருத்திக் காண்பார் உளர். ஆயினும் பலிதாவை வர்க்கலையோடு பொருத்துவாரும் உளராதலின், இப்பெயர்களை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் இயலாது. ஒலி ஒப்புமையை மட்டுமே கொண்டு ஊரை அடையாளம் காண்பதில் உள்ள இடர்ப்பாட்டிற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

2.3. கி.பி. எட்டாம் நூற்றாண்டு முதல் சான்றுகள் தெளிவடைகின்றன. விழிஞம் ஆய் மன்னர்களின் முதன்மைத் துறைமுகமாகவும் தலைநகராகவும் கருதப்படுகிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், கடலை அகழியாகக் கொண்ட விழிஞத்தை அவன் வென்றழித்த செய்தியைக் கூறுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை, அக்காலத் தென்னாட்டுக் கல்வி வரலாற்றில் இடம்பெறுவதாகும். முதலாம் இராசராசனின் படைத்தலைவன் இத்துறையைக் கைப்பற்றியதை முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பேசுகின்றன. சோழர் காலத்தில் இவ்வூர்க்கு இராசேந்திரசோழபட்டினம் என்ற மறுபெயரும் வழங்கியது. வென்றவர் தம் பெயரை ஊருக்கு இடுதல் அக்கால மரபு. எனினும் அப்பெயர் ஆட்சியோடு மறைய, பழம்பெயரே நிலைத்தது.

2.4. பாண்டியர் ஏடும் சோழர் ஏடும் இவ்வூரின் கோட்டையைக் கடல் சூழ்ந்ததாகவே வருணிப்பது நோக்கத்தக்கது. பகைவரின் கண்ணில் விழிஞம் ஓர் ஊராக அன்றிக் கடல்வாயிலாகவே தோன்றியது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞமும் சாலையும் ஒருங்கே பேசப்படுகின்றன. இச்சாலையின் தொடர்பில் எழுந்த விவாதம் மொழிபெயர்ப்பாளர்க்குப் படிப்பினை தருவதாகும். சோழர் மெய்க்கீர்த்திகளில் காந்தளூர்ச் சாலையோடு சேர்ந்து வரும் ‘கலம்’ என்னும் சொல்லை மரக்கலம் என்று கொண்டவர் அங்கு ஒரு கடற்போரைக் கண்டனர். உண்கலம் என்று கொண்டவர் அறச்சாலையில் ஊட்டு நிறுத்தப்பட்டதைக் கண்டனர். ஒரு சொல்லின் பொருட்கோளே ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் தன்மையை மாற்றிவிடுவதை இங்குக் காணலாம்.

2.5. விழிஞ்ஞத்திலுள்ள சிறிய குடைவரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. அதன் உட்புறத்தில் வீணையேந்திய தட்சிணாமூர்த்தி வடிவமும், வெளிச்சுவரில் முற்றுப்பெறாத சிவன் உருவங்களும் உள்ளன. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வுகளில் மேற்காசிய நாடுகளையும் சீனத்தையும் சார்ந்த மட்கலத் துண்டுகள் கிடைத்துள்ளன. ஏடுகள் கூறும் கடல்வழியை மண்ணும் உறுதிசெய்கிறது.

3. ஞகரமும் ழகரமும்

3.1. இவ்வூர்ப் பெயரில் அயலார் நாவுக்கு இடர் தருவன இரண்டு ஒலிகள். ஒன்று ழகரம், மற்றொன்று ஞகரம். இவ்விரண்டும் எவ்வெவ்வாறு மாறின என்பதைக் கொண்டே ஒரு வடிவம் எவ்வழியாக வந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

3.2. ழகரத்தை அயலார் மூன்று வகையாக ஏற்றுள்ளனர். ஒன்று லகரமாக ஏற்றல். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் இவ்வூர் ‘விலிந்த’ என்று குறிக்கப்படுகிறது. கோழிக்கோடு ஐரோப்பியர் ஏட்டில் ‘காலிகட்’ ஆனதும் இவ்வகையே. மற்றொன்று ரகரமாக ஏற்றல். கி.பி. 1644இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்குப் பண்டகசாலை அமைத்தபோது அவர்தம் ஏடுகளில் இவ்வூர் ‘பிரிஞ்ஜான்’ என்ற வடிவம் பெற்றது. சோழமண்டலம் ‘கோரமண்டல்’ ஆனது இதனோடு ஒப்பிடத்தக்கது. மூன்றாவது, இக்கால ஆங்கில எழுத்துமுறையில் இசட், எச் என்னும் ஈரெழுத்தால் குறித்தல். இது ழகரத்தை ஒலிப்பதன்று, குறியீடு மட்டுமே. இக்குறியீட்டை அறியாதார் அதனை வேறோர் உரசொலியாகப் படிப்பர். இந்தியில் இப்பெயர் சகர வருக்கத்து மூச்சொலி எழுத்தால் எழுதப்படுவது இவ்வாறு ஆங்கிலக் குறியீட்டின் வழிச் சென்றதன் விளைவாகும்.

3.3. ஞகரத்தின் வரலாறு இதனினும் நுட்பமானது. இன்றைய மலையாளத்தில் இப்பெயர் இரட்டை ஞகரத்துடன் விழிஞ்ஞம் என வழங்குகிறது. தமிழில் மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்து வருமிடத்து, மலையாளத்தில் மெல்லினம் இரட்டித்து வருதல் பெருவழக்கு. மஞ்சள் மஞ்ஞள் எனவும், கஞ்சி கஞ்ஞி எனவும், தேங்காய் தேங்ங எனவும் வருதல் காண்க. ஏ. ஆர். இராசராசவர்மா தம் கேரளபாணினீயத்தில் மலையாளத்தைத் தமிழினின்று வேறுபடுத்தும் ஆறு நியதிகளுள் முதலாவதாக இதனை ‘அனுநாசிகாதிப்ரசரம்’ என்ற பெயரால் வகுத்துள்ளார்.

இவ்விதியை அறிந்தவர், விழிஞ்ஞம் என்பதன் தமிழ் வடிவம் ‘விழிஞ்சம்’ ஆதல் வேண்டும் என எளிதில் கருதுவர். ஆங்கில வடிவத்தில் உள்ள என், ஜே என்னும் எழுத்துகளும் இக்கருத்தை வலியுறுத்துவன போலத் தோன்றும். தமிழ் இதழ்களில் ‘விழிஞ்சம்’, ‘விழின்ஜம்’ முதலிய வடிவங்கள் காணப்படுவது இவ்விரு காரணங்களாலேயே எனலாம். ஆனால் தமிழ்ச் சான்றுகள் காட்டும் வடிவம் விழிஞம் என்பதே. கவிஞர், அறிஞர், இளைஞர் என்பவற்றிற்போல இடையில் தனி ஞகரம் வருதல் தமிழ்க்கு இயல்பு. எனவே இங்கு நிகழ்ந்தது, வல்லினம் மெல்லினமாகத் திரிந்த மாற்றமன்று. தனி ஞகரம் இரட்டித்த மாற்றம் எனக் கொள்வதே சான்றுகளோடு பொருந்துவதாகும். ‘விழிஞ்சம்’ என்பது விதியை அளவிறந்து பின்னோக்கிச் செலுத்திப் பெறப்பட்ட போலி மீட்டுருவாக்கம்.

வடமொழி வடிவமான ‘விலிந்த’ என்பதில் மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து வருவது இதற்கு மறுப்பாகக் கூறப்படலாம். வடமொழியில் ஞகரம் சகர வருக்கத்தை அடுத்தல்லது தனித்து வாராது. தன் ஒலியமைப்பில் இல்லாத ஒன்றை அம்மொழிப் புலவர் தமக்கியன்ற ஒரு சேர்க்கையால் நிரப்பினார் என்று கொண்டால் இம்மறுப்பு வலுவிழக்கும்.

4. நிலவழிக் காலம்

4.1. ஒரு துறைமுகம் தாழ்வடைவதற்குக் கடல் மட்டும் காரணமாவதில்லை. வணிகமும் ஆட்சியும் வேறு வழிகளை நாடும்போது துறை தனித்துவிடுகிறது. திருவிதாங்கூர் அரசு வலுப்பெற்ற பதினெட்டாம் நூற்றாண்டில் ஆலப்புழைத் துறைமுகம் 1762இல் திறக்கப்பட்டு மிளகு வணிகத்தின் நடுவிடமாயிற்று. 1795இல் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. இவ்விரு நகர்களையும் இணைத்த பெருவழி நெய்யாற்றங்கரை வழியாக உள்நாட்டில் சென்றது. விழிஞம் அதற்கு மேற்கே ஒதுங்கி நின்றது.

4.2. பாலராமவர்மர் ஆட்சியின் இறுதியில் திவானாக இருந்த உம்மிணித்தம்பி, பெருவழியில் பாலராமபுரம் என்னும் புதிய ஊரை அமைத்துத் தமிழ்நாட்டுச் சாலியர் நெசவாளர்களைக் குடியேற்றி, விழிஞத்துத் துறையையும் வளர்க்க முற்பட்டார். நெசவூர் நிலைபெற்றது, துறை மீண்டும் எழவில்லை. 1860இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் இணைக்கத் திட்டமிடப்பட்டதாகும். அது முற்றுப்பெற்றிருப்பின் தென்கரை ஊர்கள் ஒரே நீர்வழியில் கோக்கப்பட்டிருக்கும். அதுவும் நிறைவேறவில்லை.

4.3. இருப்புப்பாதை கொல்லத்திலிருந்து 1918இல் திருவனந்தபுரத்தின் எல்லையை அடைந்து, 1931இல் நகர் நடுவே தம்பானூருக்கு வந்தது. தெற்கே கன்னியாகுமரி வரை அது நீண்டது 1979இல்தான். அப்பாதையும் பாலராமபுரம் வழியாக உள்நாட்டிலேயே செல்கிறது. இவ்வாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு புதிய வழியும் விழிஞ்ஞத்தை விலக்கியே அமைந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் ஏடுகளில் பேசப்பட்ட துறை ஆட்சி எல்லையாலும் தமிழ் வாசகர்க்குத் தொலைவாயிற்று.

5. விடுமுறைக் காலம்

5.1. விழிஞ்ஞத்திற்கு வடக்கே சுமார் 3 கி.மீ. தொலைவிலுள்ள கோவளத்தில் 1932இல் ஹால்சியன் மாளிகை என்னும் அரச குடும்பத்துக் கடற்கரை இல்லம் கட்டப்பட்டது. அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் விமானத்தளமும் தோன்றியது. 1935இல் பம்பாயிலிருந்து டாட்டா நிறுவனத்தின் விமானம் அங்கு வந்திறங்கியது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக வந்த இளைஞர்கள் கோவளத்தில் தங்கலாயினர். இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி, கட்டடக்கலைஞர் சார்லசு கொரையாவின் வடிவமைப்பில் குன்றின் சரிவில் எழுந்தது. 1986இல் கேரள அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1991இல் திருவனந்தபுரம் விமான நிலையம் பன்னாட்டு நிலையமாயிற்று. வானூர்தியில் வந்து உந்தில் ஏறுவோர்க்குத் துறை தேவையன்று, மணற்கரையே தேவை. ஆகவே கோவளம் முன்னின்றது.

5.2. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது கலங்கரை விளக்கமாகும். குரும்கல் குன்றில் 1972இல் இயங்கத் தொடங்கிய, 36 மீட்டர் உயரமுள்ள இவ்விளக்கத்தின் முறையான பெயர் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் என்பது. அதன் அடியிலுள்ள மணற்கரையோ கோவளத்தின் ‘லைட்ஹவுஸ் பீச்’ என வழங்குகிறது. கடலிலிருந்து காண்போர்க்கு அவ்விடம் விழிஞ்ஞம். கரைவழி வருவோர்க்குக் கோவளம். வழிக்கேற்பப் பெயர் மாறுவதை ஒரே இடத்தில் இங்குக் காணலாம்.

5.3. இதனை அடுத்த மணற்கரை ஆங்கிலத்தில் ஏவாளின் பெயரால் குறிக்கப்படுவது; மலையாளத்தில் அது ‘ஹவ்வா’. இதனைத் தமிழ்க் கையேடுகள் ‘ஹவா’ என எழுதும்போது, காற்று என்னும் பொருளுடைய இந்திச் சொல்லாக எண்ண இடமுண்டாகிறது. ஓர் ஒற்று விடுபடப் பொருளே மாறிவிடுகிறது.

5.4. கோவளம் என்ற பெயரும் கருதத்தக்கது. சுற்றுலா ஏடுகள் இதற்குத் தென்னந்தோப்பு எனப் பொருள் கூறுகின்றன. தமிழ் அகராதிகளில் கோவளம் என்பதற்குக் கடலுள் நீண்ட நிலமுனை என்ற பொருள் உண்டு. சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளமும், கன்னியாகுமரிக்கு அருகில் ஒரு கோவளமும் உள்ளன. மூன்றும் தென்னை வளர்ந்த இடங்களே எனினும், கடற்கரை முழுவதும் தென்னை இருக்க, நிலம் கடலுள் நீளும் இடங்கள் மட்டும் இப்பெயர் பெற்றிருப்பதால் அகராதிப் பொருளே ஏற்புடையது. சென்னையை அடுத்த கோவளம் கம்பெனி ஆவணங்களில் ‘கோவ்லாங்’ எனப்படும். ஆங்கில ஏட்டை மொழிபெயர்ப்போர் கீழைக்கரைக் கோவளத்தையும் மேலைக்கரைக் கோவளத்தையும் மயங்காதிருத்தல் வேண்டும்.

5.5. இன்று இவ்விரு ஊர்களையும் அடைதல் எளிது. திருவனந்தபுரம் மத்திய இரயில் நிலையத்திலிருந்தும், நகரின் கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படும் பேருந்துகளாலும் ஒரு மணி நேரத்திற்குள் செல்லலாம். நாகர்கோவிலிலிருந்து வருவோர் களியக்காவிளை, நெய்யாற்றங்கரை, பாலராமபுரம் வழியாக வரலாம். காரோட்டிலிருந்து முக்கோலை வழியாகக் கழக்கூட்டம் செல்லும் புறவழிச்சாலை விழிஞ்ஞத்தை ஒட்டியே செல்கிறது. சூன் முதல் ஆகத்து வரை கடல் சீற்றம் மிகுந்திருக்குமாதலின் மணற்கரையை நாடுவோர் அம்மாதங்களைத் தவிர்ப்பர். அதே மாதங்களில்தான் விழிஞ்ஞத்துக் குடா படகுகளால் நிறைகிறது. விடுமுறைக்கு வருவோரின் பருவமும் தொழிலுக்கு வருவோரின் பருவமும் வேறாக இருத்தல் இவ்விரு பெயர்களின் வேறுபாட்டையும் ஒருவாறு விளக்குகிறது.

6. மீண்டும் கடல்வழி

6.1. கரைக்கு அருகிலேயே ஏறத்தாழ 20 மீட்டர் இயற்கை ஆழமும், பன்னாட்டுக் கப்பல் வழித்தடத்திலிருந்து ஏறத்தாழ 10 கடல்மைல் தொலைவே இருத்தலும் விழிஞ்ஞத்தை மீண்டும் துறைமுகமாக்கின. 2015இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2024 சூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டிற்கு ஒப்படைக்கப்பட்டது. ஆய் மன்னர் காலத்தில் எக்காரணத்தால் இவ்வூர் நாடப்பட்டதோ, அதனோடு ஒத்த காரணத்தாலேயே, அதாவது கடலிலிருந்து அணுகுவதற்கு ஏற்றதாயிருத்தலாலேயே, இன்றும் நாடப்படுகிறது.

6.2. ஆனால் வழி திறப்பது அனைவர்க்கும் ஒரே வகையில் நன்மையாவதில்லை. கடலரிப்பால் வீடுகளை இழந்ததாகவும், துறைமுகப் பணி அதனை மிகுவிக்கிறது எனவும் கூறி, 2022இல் மீனவர்கள் நூறு நாள்களுக்கும் மேலாகப் போராட்டம் நடத்தினர். துறைமுகத் தரப்பினர் இக்காரணத்தை மறுத்தனர். இச்செய்திகள் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்தபோது ஊரின் பெயரே பலவாறு திரிந்தது. தமிழ் வாசகர், தாம் பரணியிலும் செப்பேட்டுச் செய்திகளிலும் அறிந்த விழிஞமும் செய்தித்தாள் கூறும் ‘விழின்ஜ’மும் ஒன்றே என உணரும் வாய்ப்பை இழந்தனர். அண்டையில் வாழும் மக்களின் இடர் அயல்நாட்டுச் செய்தி போலாயிற்று.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. பழைய தமிழ் ஆவணங்களை மேற்கோளாகக் கொள்ளும்போது விழிஞம் என்ற வடிவத்தை மாற்றாது ஆளுதல் வேண்டும். இன்றைய ஊரைக் குறிக்கும்போது, அவ்வூர் மக்கள் வழங்கும் விழிஞ்ஞம் என்ற வடிவமே தகும். ‘விழிஞ்சம்’ தமிழ் மரபும் அன்று, மலையாள வழக்கும் அன்று. கம்பெனி ஆவணங்களின் பிரிஞ்ஜானையும் வடமொழிச் செப்பேட்டின் விலிந்தவையும் மொழிபெயர்ப்பில் அவ்வாறே காட்டி, அடுத்து ஊர்ப்பெயரைத் தருதல் நன்று. கோவளம் என வருமிடத்து எம்மாவட்டத்துக் கோவளம் என்பது தெளிவாக்கப்படுதல் வேண்டும். மலையாள ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவோர் ஆங்கிலத்தின் வழியே செல்லாது மலையாள எழுத்தை நேரே நோக்குதல் இவையனைத்திற்கும் அடிப்படையாகும். ழகரமும் ஞகரமும் இரு மொழிக்கும் பொதுவாக இருக்க, அவற்றை இரண்டுமில்லாத ஒரு மொழியின் வழியாகப் பெற்றுக்கொள்ள வேண்டிய தேவை தமிழர்க்கு இல்லை.